இருபத்தேழாவது சாடி

அத்தியாயம் 11

சூசை போன பிறகு வந்த முதல் தவக்காலம் ஒருவழியாகக் கரைந்து, இன்று பெரிய சனிக்கிழமை. பத்து வாரமாகக் கூடவே வருகிறவர்களுக்கு ரீத்தாவின் லில்லிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக நாலு வரி.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ரீத்தா குடும்பத்தின் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம். தவக்காலம் தொடங்கும்போது குடும்பத்தார் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை அச்சிட்ட பாரத்தில் எழுதிக் கோயில் பெட்டியில் போடுவார்கள். ஒரு பெயருக்கு ஒரு லில்லிச் சாடி. பெரிய சனி இரவு நடக்கிற பாஸ்கா பூசையில் பெயரை வாசிக்க வாசிக்க, பெயர் கொடுத்தவர் எழுந்து போய்த் தன் சாடியைத் தூக்கிப் பீடத்தடியில் வைக்க வேண்டும். இருபது வருடமாக அந்தச் சாடிகளை வளர்த்துக் கொடுத்தவர் ரீத்தாவின் கணவர் சூசை. போன ஆகஸ்டில் அவர் கண்ணை மூடினார். இந்த வருடம் ரீத்தா.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால், கடலோர நெடுஞ்சாலையில் நடந்த மோட்டார் விபத்தில் அவர்கள் இளைய மகன் டேரில் செத்துப்போனான். ஓட்டியவன் மூத்தவன் பிரவின். அவனுக்குக் கையில் நாலு தையல், அவ்வளவுதான். டேரிலை அடக்கம் செய்த ஒரு மாதத்தில் பிரவின் வீட்டைவிட்டுப் போனான். சூசையின் நாக்குதான் அவனை விரட்டியது என்று சொந்தபந்தமெல்லாம் பேசிக்கொண்டது. சூசை மறுக்கவில்லை. அப்பாவின் அடக்கத்துக்கும் பிரவின் வரவில்லை. இப்போது ஜெலுத்தோங் வீட்டில் இருப்பது ரீத்தாவும் மகள் கிறிஸ்டலும் மட்டும்.

இனி இன்றைய காலை.

மணி ஏழு. பையன்கள் அறைக் கதவை ரீத்தா திறந்தாள். ஏர்கான் குளிர் முகத்தில் அறைந்தது. கூடவே வாசனை.

ஒன்றிரண்டு பூவென்றால் லில்லி வாசனை சுகம்தான். இருபத்தாறு சாடி ஒரே நேரத்தில் பூத்து, ஜன்னல் மூடிய அறைக்குள் அடைந்து கிடந்தால் அது வேறு. ஆள் இறந்த வீட்டின் நடுக்கூடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். ரீத்தாவுக்கு அது பழகிவிட்டது. பழகிவிட்டதே என்றுதான் கிறிஸ்டலுக்குக் கவலை.

பினாங்கு வெயிலில் விட்டால் மொட்டு ஒரே நாளில் வாய் பிளந்து, மறுநாள் தொங்கிவிடும். அதனால் கடைசி நாட்களில் சாடிகளுக்கு இந்த அறைதான்; வீட்டில் ஏர்கான் இருப்பது இங்கே மட்டும். டேரில் கட்டிலின் மேல் பலகை போட்டுப் பதின்மூன்று சாடி. பிரவின் கட்டிலின் மேலும் பதின்மூன்று. லில்லிக்குக் குளிர் மேல் அப்படியொரு ஆசை. கேமரன் மலையிலிருந்து கிழங்கு வந்ததும் ஈரத் தேங்காய் நாரில் சுற்றி, ஆறு வாரம் குளிர்பெட்டியில் வைத்தால்தான் அதற்குத் தூக்கம் தெளியும். பக்கத்தில் பழம் இருந்தால் மொட்டு உள்ளேயே கருகிவிடும் என்று சூசை அந்த ஆறு வாரமும் வீட்டில் ஒரு தக்காளி வாங்க விடமாட்டார். தக்காளி இல்லாத ரசத்தையும் வாய் திறக்காமல் குடிப்பார். மற்ற நாட்களில் உப்பு குறைந்தால்கூட ஊர் கூட்டுகிற மனுஷன்.

ரீத்தா வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு சாடியையும் தினம் கால் வட்டம் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் தண்டு வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்ந்துவிடும். எதைத் திருப்பினோம் என்று குழம்பாமல் இருக்க, சாடி விளிம்பில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. மண்ணில் ஐஸ்கிரீம் குச்சி. குச்சியில் பெயர்.

"டேரில், திரும்பு அய்யா. வெளிச்சம் இந்தப் பக்கம்."

அடுத்தது சூசை. "என்னாங்க, நீங்க மட்டும் ஏன் ஒரே பக்கமா சாயுறீங்க? உசிரோட இருந்தப்பவும் இதே கூத்துதான்."

புதிதாக விரிந்த பூக்களுக்குள் சாமணத்தை விட்டு, மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். அந்த மஞ்சள் தூள் இதழில் பட்டால் கறை போகாது. பீடத்துணியில் பட்டால் பாதர் முகமே மாறிவிடும். பக்கத்து வீட்டு ருக்கையாவின் பூனை நக்கிவிட்டால் பூனையே போய்விடும்.

இருபத்தாறு முடிந்தது. ஜன்னல் ஓரம் ஒன்று பாக்கி.

குச்சி இல்லாத சாடி அது. மூன்று வாரத்துக்கு முன்னால் பெயர்க் குச்சிகளைச் செருகியது கிறிஸ்டல்தான். "இது யாரு?" என்று ரீத்தா கேட்டபோது, "எக்ஸ்ட்ரா மம்மி. கெழங்கு ஒன்னு கூட மொளைச்சிருச்சி லா," என்றாள். முப்பது கிழங்கு நட்டு மூன்று அழுகியது ரீத்தாவுக்கும் தெரியும். கணக்கு சரிதான். ஆனாலும் அன்றிலிருந்து அந்தச் சாடி அவளை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

ஏனென்றால் அது தானாகத் திரும்பியது.

நேற்று காலை அதன் பொட்டை ஜன்னல் பக்கம் வைத்தாள். இப்போது பொட்டு கதவைப் பார்க்கிறது. முந்தாநாளும் அப்படித்தான். சில நாள் சுவரைப் பார்த்து நிற்கும், சில நாள் கட்டிலைப் பார்த்து. மற்ற இருபத்தாறும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். முதலில் சூசையின் வேலை என்று நினைத்தாள். அதில் பயம் இல்லை, ஒரு மாதிரி ஆறுதல்கூட இருந்தது. அப்புறம் நினைப்பு மாறியது. செத்தவர்கள் பாவம் தீரக் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் யாரும் தேடாத ஏதோ ஓர் ஆன்மா, பெயர் இல்லாததால் இந்தச் சாடியில் வந்து உட்கார்ந்துவிட்டதோ? யாருக்கும் வேண்டாதவன். வீட்டுக்கு வர வழி தெரியாமல் கதவையே பார்க்கிறவன். அந்த இடத்தில் ரீத்தா நினைப்பை நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் போனால் ஒரு முகம் வரும்.

இன்று அந்தச் சாடியில் மொட்டு இன்னும் பச்சையாக இறுகிக் கிடந்தது. அடி இலைகள் இரண்டு மஞ்சள். தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகினால்தான் இப்படி ஆகும். சாடியைச் சாய்த்து, அடியில் தட்டி, மண்கட்டியோடு செடியை வெளியே இழுத்தாள்.

கிழங்கு நன்றாகத்தான் இருந்தது. அதை ஒட்டி, சாடிச் சுவர் ஓரமாக ஆழத்தில் ஒரு குச்சி. வெள்ளை வேர்கள் அதைச் சுற்றிப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாக விலக்கி, மண்ணைத் துடைத்து, ரீத்தா வாசித்தாள்.

பிரவின் சூசை.

அவள் பிரவினின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். குளிர் காலிலிருந்து ஏறியது. ஆறு வருடமாக எந்தச் செய்தி வந்துவிடுமோ என்று ஒவ்வொரு போன் மணிக்கும் பயந்தாளோ, அந்தச் செய்தி தன் வீட்டுக்குள்ளேயே, தான் தினம் தண்ணீர் ஊற்றிய மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

சமையலறையில் கிறிஸ்டல் வெள்ளை ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம், பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பொருள் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. வாரம் முழுக்க விடியுமுன் காடியை ஓட்டிக்கொண்டு கடற்பாலம் ஏறுகிறவள். இன்று சாடிகளுக்காக லீவு.

"மம்மி, ரிப்பன் பத்தாது போல லா. சின்னதா கட்டிக்கலாமா?"

ரீத்தா குச்சியை மேசைமேல் வைத்தாள்.

கத்தரிக்கோல் நின்றது.

"உன் எழுத்துதான?"

"ஆமா."

"எப்ப செத்தான்?"

கிறிஸ்டல் நிமிர்ந்து பார்த்தாள். திட்டு வரும், அழுகை வரும் என்று அவள் தயாராக இருந்தாள். இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை.

"அத நீங்கதான் சொல்லணும் மம்மி. நீங்கதான பேர் குடுத்தீங்க."

"நானா?"

"கோயில்லேருந்து வந்த பேர் லிஸ்ட்ல இருந்துச்சி. பார்த்ததும் எனக்குக் கை காலு ஓடல. கோயில் ஆபிஸ் பெவர்லிகிட்ட வாட்ஸ்அப்ல கேட்டேன், இத யாரு குடுத்தான்னு. உங்க மம்மிதான்னு சொன்னா."

"நான் ரெண்டு பேர்தான் குடுத்தேன். உங்கப்பா. டேரில். அவ்ளோதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்புறம் நீங்க இது யாருன்னு கேட்டீங்களே, அப்ப..." கிறிஸ்டல் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அப்பா போனதுலேருந்து நீங்க சாடிங்ககிட்ட பேசறீங்க. எனக்குப் பயமா இருந்துச்சி. பேரையும் குடுத்துட்டு, அந்தக் குச்சியைப் பார்க்க உங்களுக்கு மனசு தாங்கலன்னு நெனச்சேன். அதான் உள்ள அழுத்திட்டேன். குப்பையில போட முடியல மம்மி. அண்ணன் பேரு."

"மூனு வாரமாவா?"

"நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். அக்கரையில மாக் மண்டின்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல இருக்கறதா முன்ன யாரோ சொன்னாங்கல்ல, அங்க போனேன். போன வருஷமே வெலகிட்டானாம். வேற ஒன்னும் தெரியலன்னுட்டாங்க."

"சாடியத் திருப்புனது?"

"நாந்தான். தெனம் வேலைக்குப் போறதுக்கு முன்ன அதத் தூக்கி மடியில வெச்சி ஜெபம் சொல்லிட்டு வெச்சிடுவேன். இன்னிக்குக்கூட. பொட்டெல்லாம் நான் பார்க்கல."

பேய் இல்லை என்று தெரிந்தால் மனசு லேசாக வேண்டும். ரீத்தாவுக்கு லேசாகவில்லை. மூன்று வாரமாக, விடியுமுன் ஒருத்தி வந்து செத்த அண்ணனுக்காக அழுதிருக்கிறாள். விடிந்த பிறகு இன்னொருத்தி வந்து அதே சாடியைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். நடுவில் ஒரு சுவர்தான்.

"என் பேருல யாரு குடுத்தது, கிறிஸ்டல்?"

"தெரியல மம்மி."

"பெவர்லி எத்தன மணிக்கு பிரிண்ட் பண்ணுவா?"

"பன்னெண்டுக்குள்ள. ராத்திரி வாசிக்கிற பேரெல்லாம் அதுலதான் வரும்."

ரீத்தா எழுந்தாள். அறைக்குப் போய், செடியை மறுபடி சாடிக்குள் இறக்கி, வேர் நோகாமல் மண் போட்டு, விரலால் அமுக்கினாள். குச்சியை அவள் திரும்பச் செருகவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சாடிகளைக் கோயிலுக்கு ஏற்றிப் போக, பக்கத்து வீட்டு நாகூர் மீரானின் வேன் நான்கு மணிக்கு வருவதாக ஏற்பாடு. ரீத்தா வேலி ஓரம் நின்று கூப்பிட்டு, பத்துக்கே வரச் சொன்னாள். நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்குச் சாமான் ஏற்றுகிற வேன் அது. எத்தனை கழுவினாலும் மீன் குழம்பு வாசனை போகாது. வருடத்தில் ஒரு நாள் லில்லி வாசனையும் மீன் குழம்பு வாசனையும் அதற்குள் மல்லுக்கட்டும். யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டு சூசையை மீரான் கிண்டல் செய்வார்.

இந்த வருடம் அவர் கிண்டல் செய்யவில்லை. அவர் மனைவி ருக்கையா பூனையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஏன்க்கா, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?"

"பூத்தூள் பட்டிருச்சி ருக்கையா."

"தூள் பட்டா இப்படியா? சூசை அண்ணன் நெனப்புதான. மொத வருஷம் அப்படித்தான்க்கா இருக்கும்."

ரீத்தா தலையாட்டினாள். சொல்லியிருந்தால் ருக்கையா கட்டிப்பிடித்து அழுதிருப்பாள். இன்னும் தெரியாத சாவுக்கு ஒருத்தியை அழவைக்க அவளுக்கு மனமில்லை.

இருபத்தாறு சாடிகளும் வேனுக்குள் ஏறின. இருபத்தேழாவதை ரீத்தா மடியில் வைத்துக்கொண்டாள். கிறிஸ்டல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீரான் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தார். ஒவ்வொரு குழியிலும் அந்தப் பச்சை மொட்டு ரீத்தாவின் கன்னத்தில் வந்து இடித்தது. ஜில்லென்று இருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டித் தூக்கிப்போன காலம் நினைவுக்கு வந்தது, அவள் வெளியே பார்த்தாள்.

கோயில் ஆபிசில் பெவர்லி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாகத்தான் இந்த வேலையில் இருக்கிறாள். அதிர்ந்து பேசத் தெரியாத பெண்.

"ஆன்ட்டி, சாயந்தரம்தான வருவீங்கன்னு..."

"பிரவினுக்கு எழுதிக் குடுத்த பாரத்தை எடு பெவர்லி."

பெவர்லி கிறிஸ்டலைப் பார்த்தாள். கிறிஸ்டல் தலையசைத்தாள். பைலைப் புரட்டி ஒரு வெள்ளைத் தாளை உருவி நீட்டினாள்.

"பெட்டியில கெடந்துச்சி ஆன்ட்டி. தவக்காலத்து மொத ஞாயித்துக்கெழம. உங்க பேரு இருந்துச்சி. உங்ககிட்ட கேக்க எனக்குச் சங்கடமா இருந்துச்சி, அதான் அப்படியே டைப் பண்ணிட்டேன்."

ரீத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

இறந்தவர் பெயர்: பிரவின் சூசை.

இறந்த தேதி: 14.7.2019.

பெயர் கொடுப்பவர்: ரீத்தா சூசை.

உறவு: தாய்.

கிறிஸ்டல் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "தேதி தப்பு. அது டேரில் போன நாளு."

ரீத்தா எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தது. எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, கோட்டுக்குக் கீழே வழிந்திருந்தது. இடது கைக்காரன் எழுத்து. அந்தக் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவளே அவள்தான்.

"அவன் எழுத்து," என்றாள்.

"யாரு?"

"உங்கண்ணன். அவன்தான் எழுதியிருக்கான். அவன் கைதான்."

கிறிஸ்டல் தாளைப் பறித்தாள். பார்த்தாள். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "உசிரோட இருக்கான்," என்றாள். அப்புறம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "மம்மி, உசிரோட இருக்கான்! ஒன்றரை மாசத்துக்கு முன்ன இந்தக் கோயிலுக்கு வந்திருக்கான்! அலாமாக், மூனு வாரமா நான் பட்ட பாடு..."

பெவர்லியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரீத்தா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஆனா ஏன் இப்படி எழுதணும்?" கிறிஸ்டல் மூக்கை உறிஞ்சினாள். "அப்பா சொன்னதுக்கு ஏன் உங்க பேரப் போட்டிருக்கான்?"

"அப்பா சொல்லல."

"என்னா?"

"நான் சொன்னேன்."

சொல்லிவிட்ட பிறகு ரீத்தாவால் நிறுத்த முடியவில்லை.

"ஆஸ்பத்திரியில டேரிலை மூடிக் கொண்டாந்தாங்க. இவன் என் காலைக் கட்டிக்கிட்டு அழுதான். நான் உதறிட்டேன். 'எனக்கு ரெண்டு பேரும் இன்னிக்கே செத்துட்டீங்க'ன்னேன். ஒரு தரம் இல்ல, அந்த மாசம் முழுக்கச் சொன்னேன். சோறு போடறப்பச் சொன்னேன். அவன் போனப்புறம் எல்லாரும் உங்கப்பாவச் சொன்னாங்க. அவரு வாயத் தொறக்கல. நானும் தொறக்கல."

கிறிஸ்டலின் முகத்திலிருந்து சிரிப்பு முழுதாக வடிந்துவிட்டது.

"ஆறு வருஷம்," என்றாள். "நான் அப்பாகிட்ட நேரா முகம் பார்த்துப் பேசல மம்மி. ஆஸ்பத்திரியில கடைசியா தண்ணி கேட்டாரு. டம்ளர மேசையில வெச்சிட்டுத் திரும்பிக்கிட்டேன். உங்களுக்குத் தெரியும். பக்கத்துலதான் நின்னீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"சொல்லல."

ரீத்தா மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் மகள் ஏதாவது சொல்லியாக வேண்டும், அந்தப் பாரத்தையும் அவள் தலையில் வைக்கக் கூடாது என்று தோன்றியது. தினமும் சூசையின் சாடியோடு தான் பேசியது எதற்காக என்று இப்போது அவளுக்கே விளங்கியது. அந்த மனுஷனிடம் சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் பேசியிருக்கிறாள்.

பெவர்லி மெல்லக் கேட்டாள்: "ஆன்ட்டி, அப்ப இந்தப் பேர லிஸ்ட்லேருந்து அடிச்சிடவா? பாதர் பன்னெண்டுக்கு வந்துருவாரு."

"அடி," என்றாள் ரீத்தா.

"அடிக்காத!" கிறிஸ்டல் எழுந்தாள். கோபம் அவள் குரலில் இருந்தது, ஆனால் யோசனை தெளிவாக இருந்தது. "அவன் எதுக்கு எழுதிப் போட்டான்? பேர் குடுத்தவங்கதான் எந்திரிச்சி சாடி தூக்கணும். இவங்க பேரப் போட்டிருக்கான். இன்னிக்கு ராத்திரி எங்கயாவது ஓரத்துல நின்னு, தன் பேரு வாசிக்கிறப்ப இவங்க எந்திரிக்கிறாங்களா இல்லையான்னு பார்க்கப் போறான். பேரே வரலன்னா திரும்பிப் போயிருவான். அப்புறம் எங்க தேடறது?"

அது உண்மைதான் என்று ரீத்தாவுக்கும் தெரிந்தது. அடித்தால் மகன் வருகிற ஒரே வழி அடைபடும். அடிக்காவிட்டால், செத்தவர்களின் வரிசையில் அவன் பெயரை ஊரே கேட்கும். எழுந்து போய் அவன் சாவை இரண்டு கையாலும் தூக்கிப் பீடத்தில் வைப்பது தாயாக இருக்கும். அவள் வாயால் சொன்னதற்கே ஒரு பிள்ளை ஆறு வருடம் செத்து வாழ்ந்திருக்கிறான்.

மடியில் வைத்து வந்த சாடி மேசைமேல் இருந்தது. பக்கத்தில், தட்டில், எழுதிப் போடுகிற பாரங்கள், இரண்டு விதம். வெள்ளை, இறந்தவர்களுக்கு. மஞ்சள், நன்றி சொல்ல. பரீட்சை பாஸானவர்கள், பிள்ளை பிறந்தவர்கள், ஆபரேஷன் நல்லபடி முடிந்தவர்கள் எழுதிப் போடுவது. இறந்தவர் பெயர்கள் முடிந்ததும் அந்தப் பட்டியலையும் வாசிப்பார்கள்.

ரீத்தா மஞ்சள் தாள் ஒன்றை எடுத்தாள். பெவர்லியின் பேனாவையும் எடுத்தாள். நின்றுகொண்டே எழுதினாள்.

பெயர்: பிரவின் சூசை.

நன்றிக்கான காரணம்: என் மகன் உயிரோடு இருக்கிறான்.

பெயர் கொடுப்பவர்: ரீத்தா சூசை.

உறவு: தாய்.

"வெள்ளையில அடி. இதுல போடு."

பெவர்லி தாளைப் பார்த்தாள், ரீத்தாவைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நன்றி லிஸ்டுக்குச் சாடி வெக்கிற பழக்கம் இல்லையே."

"இந்த வருஷம் உண்டு."

"அப்ப இத யாரு தூக்குவாங்க?"

"அவன் தூக்கட்டும். அது அவனோடது. வரலன்னா அங்கேயே நிக்கட்டும். நான் தொட மாட்டேன்."

"இந்த லிஸ்ட வாசிக்கிறது பாதர் இல்ல ஆன்ட்டி, கொயர்ல ஜெயசீலி டீச்சர். அவங்க ஒரு தரம்தான் வாசிப்பாங்க. சத்தத்துல பிரவின் அண்ணனுக்குக் கேக்கலன்னா..."

"ஜெயசீலிகிட்ட நான் பேசிக்கிறேன். இந்த வருஷம் நான் வாசிக்கிறேன்."

"நீங்களா? மைக்குன்னாலே பயப்படுவீங்களே ஆன்ட்டி."

"பயந்தா என்னா. செத்துட்டன்னு சொன்னது இந்த வாய்தான. இதே வாய் கூப்பிடட்டும்."

பெவர்லி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஒரு பெயரை அழித்து, இன்னொரு இடத்தில் டைப் செய்யத் தொடங்கினாள். கிறிஸ்டல் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனாள். அங்கே நின்றாள். திரும்பவில்லை.

"ராத்திரி நான் உங்க பக்கத்துல உக்கார மாட்டேன் மம்மி."

"சரிம்மா."

"என்னால இன்னிக்கு முடியாது."

"சரி."

"பின்னால வாசல்கிட்ட நிப்பேன்." அவள் முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். "நீங்க கூப்பிடறப்ப அவன் எந்திரிச்சி வெளிய ஓடுனா, பிடிக்க ஆள் வேணும்ல."

சொல்லிவிட்டு வேனிலிருந்து சாடிகளை இறக்கப் போனாள்.